காற்றைக் கணக்கில் சேர்க்காவிட்டால் தஞ்சாவூர்

தமிழ்நாட்டு வரைபடம் ஒன்றை விரித்து சேலம், திருச்சி, மதுரை விமான நிலையங்களைக் கோடிட்டு இணைத்துப் பாருங்கள். சேலத்திலிருந்து திருச்சி 72 கடல் மைல். திருச்சியிலிருந்து மதுரை 67. மதுரையிலிருந்து திரும்பவும் சேலம் 117. மூன்றையும் கூட்டினால் 256. வணிக விமானி உரிமத்துக்குப் படிக்கும் ஒருவர் தன்னந்தனியாகப் பறந்து காட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொலைவோ 300 கடல் மைல், அதாவது சுமார் 555 கிலோமீட்டர். 44 கடல் மைல் இடிக்கிறது. மதுரையை விட்டுவிட்டுத் தூத்துக்குடிக்குக் கோட்டை நீட்டினால் 72, 129, 184 என்று 385 வந்துவிடும். காலையில் கிளம்பினால், இரண்டு ஊர்களில் இறங்கி ஏறி, மதியத்துக்குள் சேலம் திரும்பிவிடலாம்.

இந்த 300 என்ற எண் நம் ஊர் அதிகாரிகள் யோசித்து வைத்ததல்ல. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு உலகம் முழுமைக்கும் வகுத்த அளவு அது. நம் நாட்டில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. அதை விதியாக்கியிருக்கிறது. மொத்தம் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் விமானத்தின் முழுப் பொறுப்பும் தன்னுடையதாக இருந்திருக்க வேண்டும். அந்த நூறில் 20 மணி நேரம் ஊர் விட்டு ஊர் பறந்ததாக இருக்க வேண்டும். அந்த இருபதுக்குள் ஒரு பயணமாவது 300 கடல் மைலுக்குக் குறையாமல், வேறு இரண்டு விமான நிலையங்களில் இறங்கி, ஓடுபாதையில் முழுவதுமாக நின்று கிளம்பியதாக இருக்க வேண்டும். பயிற்சிப் பள்ளிகளில் இதற்கு 'கிராஸ் கன்ட்ரி' என்று பெயர். சேலத்தை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பயிற்சிப் பள்ளிகள் அமைக்க இந்திய விமான நிலைய ஆணையம் 2022-இல் இடம் ஒதுக்கிய ஐந்து விமான நிலையங்களில் ஓமலூர் அருகேயுள்ள சேலம் நிலையமும் ஒன்று.

முதல் முறை தனியாகப் பறப்பதைத்தான் எல்லோரும் கொண்டாடுவார்கள். பக்கத்து இருக்கை காலியாகிறது. பயிற்றுநரின் எடை குறைந்ததால் விமானம் பழக்கத்தைவிடச் சீக்கிரமாகத் தரையை விட்டு எழும்புகிறது. ஆனால் அன்று மாணவி சுற்றுவது ஓடுபாதையை ஒட்டிய ஒரு செவ்வகம். புறப்பட்ட இடம் எப்போதும் கண்ணெதிரே இருக்கும். கிராஸ் கன்ட்ரியில் பத்து நிமிடத்தில் சேலம் முதுகுக்குப் பின்னால் மறைந்துவிடும். திருச்சி இன்னும் கண்ணுக்குத் தென்படாது. நடுவிலுள்ள அரை மணி நேரம் அவரிடம் இருப்பது ஒரு திசை, ஒரு வேகம், ஒரு கடிகாரம். விமானியாவதில் இதுவே பெரிய படி என்பது என் கருத்து. கையும் காலும் விமானத்தை ஓட்டப் பழகிவிடும். "நான் இப்போது எங்கே இருக்கிறேன்" என்ற கேள்விக்கு ஆதாரத்தோடு பதில் சொல்ல மனம்தான் பழக வேண்டும்.

முதல் நாளே பயிற்றுநர் கேட்கும் கேள்வி சின்னதுதான்.

"காற்று எங்கேயிருந்தும்மா?"

"மேற்கேயிருந்து சார். 260 டிகிரி, 25 நாட்."

"அப்போ மூக்கை எங்கே வைப்பே?"

ஆடி மாதம் என்று வைத்துக்கொள்வோம். தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து கோவை, கரூர், திருச்சி என்று கிழக்கே வீசும் காலம். அம்மியையே பறக்கவைக்கும் என்று பேர் வாங்கிய காற்றுக்கு ஆயிரம் கிலோ எடைகூட இல்லாத பயிற்சி விமானம் எந்த மூலை? சேலத்திலிருந்து திருச்சிக்குக் கோடு போட்டால் அது உண்மை வடக்கிலிருந்து 148 டிகிரியில், தென்கிழக்காகப் போகிறது. விமானம் காற்றுக்குள் 100 நாட், அதாவது மணிக்கு 100 கடல் மைல் வேகத்தில் நகர்கிறது. ஆனால் அந்தக் காற்று மண்டலமே தரைக்கு மேல் கிழக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. காவிரியில் பரிசல் ஓட்டுபவர் எதிர்க்கரைப் படித்துறைக்குப் போக வேண்டுமென்றால் படித்துறையை நோக்கித் துடுப்புப் போடமாட்டார். நீர் வரும் பக்கமாகச் சற்று ஏற்றித்தான் போடுவார். பரிசல் கோணலாகப் போவதுபோல் தோன்றினாலும் சேர வேண்டிய இடத்தில் சேரும். விமானி செய்வதும் அதேதான்.

கணக்குப் போடுவோம். 148 டிகிரிப் பாதைக்கும் 260 டிகிரிக் காற்றுக்கும் இடையே 112 டிகிரி. 25 நாட் காற்றில் 23 நாட் வலப்பக்கத்திலிருந்து குறுக்காகத் தள்ளுகிறது. 9 நாட் பின்னாலிருந்து உதவுகிறது. குறுக்குக் காற்றைச் சமன்செய்ய மூக்கை 13 டிகிரி வலப்பக்கம் திருப்பி 161-இல் வைக்க வேண்டும். தரைவேகம் 107 நாட். 72 கடல் மைலுக்கு 40 நிமிடம். மாணவர்கள் இதை இ6பி என்ற வட்டச் சட்டத்தில் சுழற்றிப் போடுவார்கள். 1930-களில் பிலிப் டால்டன் என்ற அமெரிக்கர் உருவாக்கிய சாதனம் அது. மின்கலம் வேண்டாம், பென்சில் போதும்.

திசைகாட்டி உண்மை வடக்கைக் காட்டாது, காந்த வடக்கைத்தான் காட்டும். நம் பகுதியில் இரண்டுக்கும் வித்தியாசம் மேற்கே ஏறக்குறைய 2 டிகிரி. ஆகவே திசைகாட்டியில் 163 வைக்க வேண்டும். இதில் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு ஓர் அதிர்ஷ்டமும் இருக்கிறது. பூமியின் காந்தப்புலம் லண்டன் போன்ற ஊர்களில் செங்குத்தாகத் தரைக்குள் இறங்குவதுபோல் சரிந்திருக்கும். அதனால் விமானம் திரும்பும்போது திசைகாட்டி பொய் சொல்லும். வடக்கே திரும்பும்போது முன்னதாகவே நிறுத்து, தெற்கே திரும்பும்போது கொஞ்சம் தாண்டி நிறுத்து என்று பாடநூல்கள் பக்கம் பக்கமாக எச்சரிக்கும். நமக்கோ காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டியே ஓடுகிறது. இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஆய்வகம் வைத்திருப்பதும் அதனால்தான். இங்கே காந்தப்புலம் கிட்டத்தட்ட தரைக்கு இணையாகக் கிடக்கிறது. தேர்வுக்காக மனப்பாடம் செய்த அந்தப் பிழையைத் திருச்சி வானில் மாணவர்கள் பெரிதாகப் பார்ப்பதே இல்லை.

உயரத்துக்கும் விதி உண்டு. காந்தத் திசையில் 0 முதல் 179 டிகிரி வரை போகிறவர்கள் ஒற்றைப்படை ஆயிரங்களோடு 500 அடி, 180 முதல் 359 வரை போகிறவர்கள் இரட்டைப்படை ஆயிரங்களோடு 500 அடி. எதிரெதிரே வருபவர்களுக்கு நடுவே ஆயிரம் அடி இடைவெளி தானாகவே அமைந்துவிடுகிறது. திருச்சிக்குப் போகும் பாதை காந்தக் கணக்கில் 150 டிகிரி, ஆகவே 5,500 அடி. அங்கிருந்து தூத்துக்குடி 200 டிகிரி, ஆகவே 4,500 அல்லது 6,500. திருச்சிப் பாதைக்கு 3,500 அடி ஏன் கூடாது என்று கேட்டால் பதில் கொல்லிமலை. ராசிபுரம் தாண்டியதும் கோடு நேராக அந்த மலைமீது ஏறுகிறது. அதன் உச்சிகள் 4,000 அடியைத் தாண்டுபவை. மேற்குக் காற்று மலையேறிக் கிழக்குச் சரிவில் விழும்போது விமானத்தையும் கீழே இழுக்கும். என்னைக் கேட்டால் ஆடி மாதத்தில் தனியாகப் போகும் மாணவருக்கு மலையைச் சுற்றி நாமக்கல் வழியாகப் போவதே நல்லது. கணக்கு சுலபமாகப் புரிவதற்காக இங்கே நேர்கோட்டையே வைத்துக்கொள்கிறேன்.

கிளம்புவதற்கு முன் பயணத் திட்டத்தைப் பதிய வேண்டும். விமானப் படையின் வான்பாதுகாப்புப் பிரிவு தரும் ஏ.டி.சி. எண்ணும், விமானத் தகவல் மையம் தரும் எஃப்.ஐ.சி. எண்ணும் கைக்கு வர வேண்டும். பெட்ரோல் அளவைத் திரையில் பார்த்து நம்பக் கூடாது. இறக்கை எட்டும் உயரத்துக்கு ஏறி, மூடியைத் திறந்து, குச்சியை விட்டு அளக்க வேண்டும். செஸ்னா 172 மணிக்கு ஏறக்குறைய 35 லிட்டர் குடிக்கும். நான்கு மணி நேரப் பயணத்துக்கு 140 லிட்டர். அதற்கு மேல் கையிருப்பு.

பிறகு தொடைமீது பட்டையால் கட்டிக்கொள்ளும் அந்தச் சிறு பலகை. அதில் செருகிய ஒற்றைத் தாளை நான் இந்தப் பயணத்தின் இதயம் என்பேன். வரிசையாகக் கட்டங்கள்: இடம், திசை, தொலைவு, வேகம், வந்துசேர வேண்டிய நேரம். கடைசிக் கட்டம் வெறுமையாக இருக்கும். அது உண்மையில் வந்த நேரம். ஏறும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் விட்டுவிட்டுப் பார்த்தால், 7:10-க்கு சேலத்தைத் தாண்டுபவர் எழுதியிருப்பது இப்படி இருக்கும். 7:21-க்கு ராசிபுரம், வலப்பக்கம் 8 கிலோமீட்டர் தள்ளி. 7:46-க்குக் கொள்ளிடம், காவிரி. 7:50-க்குத் திருச்சி. விமான உலகம் கிரீன்விச் நேரத்தில் இயங்குவதால் ஒவ்வொன்றிலும் ஐந்தரை மணி நேரம் கழித்து எழுத வேண்டும். நாம் நம் நேரத்திலேயே பேசுவோம்.

இனி, மாணவி ஒரே ஒரு பிழை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காற்றுத் திருத்தத்தை மறந்துவிடுகிறார். மூக்கை 161-இல் வைக்காமல் 148-இலேயே வைத்துவிடுகிறார். என்ன ஆகும்?

காற்று அவரை இடப்பக்கம் 12 டிகிரி தள்ளும். உண்மையில் அவர் போகும் திசை 136 டிகிரி. சேலத்திலிருந்து 136 டிகிரியில் கோட்டை நீட்டினால் 88 கடல் மைலில் ஒரு ஓடுபாதை வருகிறது. தஞ்சாவூர் விமானப் படைத் தளம்! 2020 ஜனவரியிலிருந்து சுகோய்-30 போர் விமானங்களின் 222-ஆம் படைப்பிரிவு நிற்கும் இடம். நான் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்த எண்கள் அல்ல இவை. ஆடிக்காற்றுக்குப் பொருத்தமாக ஒரு காற்றை எடுத்துக் கணக்குப் போட்டேன், கோடு அங்கே போய் நின்றது.

வழியில் அவருக்குத் தெரியாமலா போகும்? இங்கேதான் விஷயம் இருக்கிறது. 7:21-க்கு 8 கிலோமீட்டர் தள்ளித் தெரிய வேண்டிய ராசிபுரம் 16 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். காலைப் புகைமூட்டத்தில் அது கண்ணில் படாமலே போகலாம். அடுத்து மலை வர வேண்டும், மலையும் வரும். ஆனால் அது பச்சைமலையின் ஓரம். பிறகு இரண்டு ஆறுகள் வர வேண்டும். இரண்டு ஆறுகள் வரும், கொள்ளிடமும் காவிரியும்தான், ஆனால் திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்தில். மணி 7:50 ஆகியிருக்கும். நான்கு நிமிடம் தாமதம். "காற்று கொஞ்சம் குறைந்திருக்கும்" என்று மனம் சமாதானம் சொல்லிக்கொள்ளும். பிறகு ஒரு பெரிய கோயில், அதற்குத் தெற்கே ஒரு நீண்ட ஓடுபாதை. மலை, இரண்டு ஆறு, கோயில், ஓடுபாதை: அவர் எதிர்பார்த்த பட்டியல் அப்படியே, அதே வரிசையில்!

இது கற்பனைக் கதைதான். திருச்சி கட்டுப்பாட்டு அறை கவனிக்கும், விமானத்தில் ஜிபிஎஸ் இருக்கும், யாராவது முன்பே பிடித்துவிடுவார்கள். ஆனால் எதிர்பார்ப்பு கண்ணை ஏமாற்றும் என்பது கற்பனையல்ல. 1972 செப்டம்பர் 24 அன்று ஜப்பான் ஏர்லைன்ஸின் டிசி-8 ஜெட் விமானம் பம்பாய் சாந்தாகுரூஸில் இறங்குவதாக நினைத்துப் பக்கத்திலிருந்த ஜுஹுவின் சிறிய ஓடுபாதையில் இறங்கி, பாதை போதாமல் தாண்டி ஓடியது. ஓட்டியவர்கள் மாணவர்கள் அல்ல, சர்வதேச விமானிகள்.

இதற்கு மருந்தாகப் பயிற்றுநர்கள் சொல்லித்தருவது மூன்று படிகள். முதலில் கடிகாரத்தைப் பார். அடுத்து வரைபடத்தைப் பார். கடைசியாகத் தரையைப் பார். தரையைப் பார்த்துவிட்டு வரைபடத்தில் தேடினால், தேடியது எப்படியும் கிடைத்துவிடும். எந்த ஊரும் எந்த ஊர்போலவும் தோன்றும். கடிகாரத்திலிருந்து தொடங்கினால் கதை வேறு: "7:21, ஆகவே இந்த இடம், ஆகவே வலப்பக்கம் ஒரு ஊர், அதைவிட்டுப் பிரியும் ஒரு சாலை இருக்க வேண்டும். இருக்கிறதா?" முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சரிபார்ப்பது இது. அறிவியல் முறை என்று நாம் வகுப்பில் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான். இருக்கிறது என்றால் நம்பு. இல்லை என்றால் தரையைத் திட்டாதே, உன் கணக்கைச் சந்தேகி. நான்கு நிமிடத் தாமதத்தை மன்னிக்காத மனம்தான் விமானியின் மனம்.

பிழையைப் பிடித்துவிட்டால் திருத்துவது வாய்க்கணக்குதான். ராசிபுரம் 8-க்குப் பதில் 12 கிலோமீட்டர் தள்ளித் தெரிகிறது என்றால் ஏறக்குறைய 2 கடல் மைல் இடப்பக்கம் விலகியாயிற்று. அதுவரை பறந்தது 20 கடல் மைல். 60 கடல் மைலில் 1 கடல் மைல் விலகினால் 1 டிகிரி என்பது விமானிகளின் வாய்ப்பாடு. ஒரு ரேடியன் 57.3 டிகிரி என்பதால் 60 என்று எடுத்துக்கொண்டால் பெரிய தவறில்லை. 20-இல் 2 என்றால் 60-இல் 6, ஆகவே 6 டிகிரிப் பிழை. மீதமுள்ள 52 கடல் மைலில் அந்த 2-ஐ ஈடுகட்ட இன்னொரு 2 டிகிரி. மொத்தம் 8 டிகிரி வலப்பக்கம் திருப்பினால் திருச்சி.

இப்போது ஸ்ரீரங்கத்துக்கு வருவோம். திருச்சியை வடக்கிலிருந்து அணுகும் எவருக்கும் அந்தத் தீவைப்போல் வழிகாட்டி தமிழ்நாட்டில் இன்னொன்று இருக்கிறதா என்பது எனக்குச் சந்தேகம். முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. 25 கிலோமீட்டருக்கு மேல் இரண்டும் தனித்தனியே ஓடி, கல்லணை அருகே மறுபடி நெருங்குகின்றன. ஆகவே ஆறுகளை எண்ணினாலே கிழக்கு மேற்காக எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துவிடும். முக்கொம்புக்கு மேற்கே கடந்தால் ஒரே ஆறு. முக்கொம்புக்கும் கல்லணைக்கும் நடுவே கடந்தால் இரண்டு. கல்லணைக்குக் கிழக்கே கொள்ளிடத்துக்குத் தெற்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று டெல்டா விரிந்துவிடும். நம் மாணவி திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் இரண்டாவது ஆற்றோடு எண்ணுவதை நிறுத்தாமல் மூன்றாவதையும் பார்த்திருந்தால் அங்கேயே விழித்துக்கொண்டிருப்பார். கோடையில் தண்ணீர் இல்லாவிட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. வெள்ளை மணல் படுகை தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும்.

சரியான பாதையில் வருபவர் தீவை முக்கொம்புக்கும் கோயிலுக்கும் நடுவே, ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடுவார். வலப்பக்கம் அணை, இடப்பக்கம் நாலைந்து கிலோமீட்டரில் ரங்கநாதர் கோயில். தரையில் நிற்கும் நமக்கு ஸ்ரீரங்கம் என்றால் 73 மீட்டர் ராஜகோபுரம். மேலிருந்து பார்ப்பவருக்கு அந்த உயரம் எதுவும் தெரியாது. நேர் மேலிருந்து பார்த்தால் எல்லாக் கோபுரமும் ஒரு புள்ளிதான். அங்கே தெரிவது வடிவம். 156 ஏக்கரில் ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கிய ஏழு செவ்வகங்கள், அவற்றுக்கு நடுவே வீதிகள், ஓட்டு வீடுகள், மாடி வீடுகள். உத்தர வீதியும் சித்திரை வீதியும் மேலிருந்து கோடுகளாக விழும். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இந்த அடுக்கு கிடையாது. அது ஆறுகளுக்கு நடுவிலும் இல்லை, தெற்கே தள்ளி நிற்கிறது. கோயிலுக்கும் ஓடுபாதைக்கும் இடையே மலைக்கோட்டைப் பாறையும் அங்கே கிடையாது. "பெரிய கோயில் தெரிகிறது" என்பது அடையாளம் ஆகாது. "இரண்டு ஆறுகளுக்கு நடுவே, ஏழு சுற்று, தெற்கே பாறை" என்று மூன்றும் சேர்ந்தால்தான் அடையாளம்.

ராஜகோபுரம் முழுமையடைந்தது 1987-இல்தான். அதற்கு முன் சில நூற்றாண்டுகளாக அது மொட்டைக் கோபுரமாகவே நின்றது. இந்திய விமானப் படையின் 8-ஆம் ஸ்குவாட்ரன் 1942 டிசம்பர் 1 அன்று திருச்சியில்தான் தொடங்கப்பட்டது. அந்த விமானிகளும் வீடு திரும்பும்போது இந்தத் தீவைத்தான் தேடியிருப்பார்கள், கோபுரத்தின் குட்டையான அடிப்பாகத்தோடு. கோபுரங்களை வழிகாட்டியாகக் கொள்வது விமானத்துக்கும் முந்திய வழக்கம். வில்லியம் லாம்ப்டன் தென்னிந்தியாவை முக்கோணங்களாக அளந்தபோது சமவெளியில் மேடுகள் இல்லாததால் கோயில் கோபுரங்களில் ஏறினார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மீது ஏற்றும்போதுதான் அவருடைய அரை டன் எடையுள்ள அளவைக் கருவி மோதிச் சேதமடைந்தது.

ஆற்றை எண்ணும் உத்திக்கு இன்னொரு பயனும் உண்டு. பிரான்சிஸ் சிசெஸ்டர் 1931-இல் சிறு ஜிப்ஸி மாத் விமானத்தில் தனியாகத் தாஸ்மன் கடலைக் கடந்தார். நடுவே நார்ஃபோக் தீவைக் கண்டுபிடித்து இறங்கினால்தான் எரிபொருள். நேராகத் தீவைக் குறிவைத்துப் பறந்து அங்கே தீவைக் காணோமென்றால், இடமா வலமா என்று தெரியாது. ஆகவே வேண்டுமென்றே ஒரு பக்கம் விலகிக் குறிவைத்தார். சூரியனின் உயரத்தை அளந்து, தீவின் வழியே போகும் கோட்டில் வந்துவிட்டோம் என்று தெரிந்ததும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. திருச்சிக்கும் இதையே செய்யலாம். முக்கொம்புக்குச் சற்று மேற்கே குறிவைத்து வந்தால் ஒற்றைக் காவிரி எதிர்ப்படும். இடப்பக்கம் திரும்பி ஆற்றோடு போனால் அது இரண்டாகப் பிரியும். அதற்கு மேல் ஸ்ரீரங்கத்தைத் தவறவிட யாராலும் முடியாது.

அப்படியும் வழி தவறிவிட்டால்? தரைக்கு அருகே இறங்கி ரயில் நிலையப் பெயர்ப்பலகையைப் படிக்கலாம் என்று தோன்றும். அது தவறு. வானொலி அலை நேர்கோட்டில் போகும். எட்டும் தொலைவு அடிக்கணக்கிலுள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 1.23-ஆல் பெருக்கினால் கடல் மைலில் வரும். 5,500 அடியில் 91 கடல் மைல். 1,000 அடிக்கு இறங்கினால் 39. வழி தவறியவர் மேலே ஏற வேண்டும், வெட்கப்படாமல் தவறிவிட்டேன் என்று சொல்ல வேண்டும். திருச்சி பதில் சொல்லவில்லையென்றால் 121.5 மெகாஹெர்ட்ஸ் இருக்கிறது, அபாய அழைப்புக்காகவே காத்திருக்கும் அலைவரிசை.

திருச்சியில் இறங்குவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓடுபாதை கிழக்கு மேற்காக 09, 27 என்று கிடக்கிறது. ஆடியில் காற்று மேற்கிலிருந்து வருவதால் 27, மார்கழியில் பெரும்பாலும் 09. இரண்டு பருவக்காற்றுகளுக்கும் ஏற்றபடி அமைந்த பாதை அது. காற்றுக்கு எதிரே இறங்குவதால் தரைவேகம் குறைந்திருக்கும், சக்கரம் மென்மையாகத் தொடும்.

இத்தனை பாடும் எதற்கு, ஜிபிஎஸ் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. இன்றைய பயிற்சி விமானங்களில் பெரிய திரைகள் வந்துவிட்டன. அதில் ஒரு சிறு விமானப் படம் காவிரிமேல் நகர்ந்துகொண்டே இருக்கும். அதை அணைத்துவிடச் சொல்லவில்லை, அது உயிர் காக்கும். ஆனால் செயற்கைக்கோள் அலையை யாராவது போலி அலையால் ஏமாற்றினால் அந்தப் படம் தயங்காமல் தவறான இடத்தில் நகரும். இந்தத் தொல்லை பெருகியதால்தான் 2023 நவம்பரில் டி.ஜி.சி.ஏ. விமான நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. திரை பொய் சொல்கிறது என்று கண்டுபிடிக்க, திரையைப் பார்க்காமலே நாம் எங்கே இருக்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். ஆகவே தாளில் போட்ட கணக்கு முதலில், திரை அதைச் சரிபார்க்க. பயிற்சிப் பள்ளிகள் இந்த வரிசையை மாற்ற அனுமதிக்கவே கூடாது.

பதினோராம் வகுப்பு இயற்பியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெக்டர் பாடம் நடத்தும்போது பெயரில்லாத ஆற்றையும் பெயரில்லாத படகையும் விட்டுவிட்டு இந்தப் பயணத்தைக் கரும்பலகையில் வரையுங்கள். தமிழ்நாட்டு வரைபடம், அடிக்கோல், பாகைமானி, பென்சில் இவை போதும். சேலம் முதல் திருச்சி வரை நாம் போட்டாயிற்று. அடுத்ததைப் பிள்ளைகள் போடட்டும்: திருச்சியிலிருந்து தூத்துக்குடி 129 கடல் மைல், பாதை 198 டிகிரி, காற்று அதே 260-இலிருந்து 25 நாட், விமானத்தின் வேகம் 100. மூக்கை எங்கே வைக்க வேண்டும், எத்தனை நிமிடம் ஆகும்? காற்றை மறந்தவர்களுக்கு 77 நிமிடம் வரும். சரியான விடை 211 டிகிரி, 90 நிமிடம்.